ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்தில் மொகோரோ தோணிப் பயணம்

மொகோரோ என்பது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்சுவானா நாட்டில், ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்தில் ஓட்டப்படும் ஒடுங்கிய தோணி ஆகும். இதற்குத் துடுப்பும் இல்லை, எந்திரமும் இல்லை. தோணிக்காரர் பின்முனையில் நின்றபடி நீண்ட கழியை நீரின் அடித்தரையில் ஊன்றித் தள்ளிச் செலுத்துவார். இரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு, நாணலும் அல்லியும் நிறைந்த ஆழமற்ற நீர்வழிகளில் பறவைகளையும் விலங்குகளையும் காட்டி அழைத்து வருவது மொகோரோ பயணம் எனப்படுகிறது.

முன்பு மீன் பிடிக்கவும், கோரை அறுத்துக் கொண்டுவரவும், தீவு விட்டுத் தீவு செல்லவும் இந்தத் தோணியையே மக்கள் நம்பியிருந்தார்கள். இன்று அதே தோணி சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. சதுப்பு நிலத்து ஊர்களில் பல குடும்பங்களுக்கு இதுவே முக்கிய வருமானம். இப்பயணம் எப்படி நடைபெறுகிறது, எதைக் காணலாம், ஆபத்து எங்கே இருக்கிறது, இத்தொழில் எதை நம்பி நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலைச் சேராத ஆறு

பெரும்பாலான ஆறுகள் கடலில் கலக்கின்றன. ஒக்கவாங்கோ ஆறு கடலைக் காண்பதே இல்லை. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் தோன்றும் குபாங்கோ, குயிட்டோ என்னும் இரு ஆறுகள் ஒன்றுசேர்ந்து, நமீபியாவின் குறுகிய நிலப்பகுதி ஒன்றைக் கடந்து, மொகெம்போ என்னும் இடத்தில் போட்சுவானாவுக்குள் நுழைகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் ஆறு ஒரே வாய்க்காலாகச் செல்கிறது. வரைபடத்தில் இப்பகுதி வாணலியின் கைப்பிடி போலத் தெரிவதால் அப்பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். அதற்குக் கீழே ஆறு விசிறி போல விரிந்து கலகாரி மணல் வெளியில் பரவி நின்றுவிடுகிறது.

இங்கே நிலத்தின் சரிவு மிகக் குறைவு. ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் சென்றால்தான் நிலம் ஒரு மீட்டர் தாழ்கிறது. ஆகவே நீர் ஓடுவதில்லை. தவழ்கிறது என்றே சொல்ல வேண்டும். வந்து சேரும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி வெயிலில் ஆவியாகியும் செடிகொடிகளின் இலைகள் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. அங்கோலாவில் மழை பெய்வது நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த நீர் மொகெம்போவில் உச்சத்தை எட்டுவது ஏறக்குறைய ஏப்ரல் மாதத்தில். விசிறியின் தென்முனையில் உள்ள மவுன் நகரை அது அடையும்போது ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அப்போது போட்சுவானாவில் ஒரு துளி மழை இராது; சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும். வறண்ட காலத்தின் நடுவில் வெள்ளம் வருவதால்தான் யானையும் எருமையும் மானும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பிலிருந்து இங்கே வந்து கூடுகின்றன.

போட்சுவானா அரசு 1996-இல் இப்பகுதியை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தது. 2014-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் இது 1000-ஆவது இடமாகும்.

தோணியும் கழியும்

போட்சுவானாவின் செட்ஸ்வானா மொழியில் ஒரு தோணியை மொகோரோ என்றும், பல தோணிகளை மெகோரோ என்றும் சொல்வார்கள். பழைய மொகோரோ ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. நேராக வளர்ந்த பெரிய மரத்தைத் தேர்ந்து, வெட்டிச் சாய்த்து, வாய்ச்சியால் உட்புறத்தைக் குடைந்து எடுப்பார்கள். இதற்குப் பயன்பட்ட மரங்களில் ஒன்று தமிழ்நாட்டிலும் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் நட்டு வளர்க்கப்படுகிறது. நீண்ட காம்பில் சுரைக்காய் போன்ற கனத்த காய்கள் தொங்கும் மரச்சுரை மரமே அது. ஆப்பிரிக்காதான் அதன் தாயகம். கருங்காலி இனத்தைச் சேர்ந்த ஒரு மரமும், வேங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மரமும் இவ்வாறே பயன்பட்டன.

மரத் தோணி நீரிலேயே கிடப்பதால் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். ஆனால் அந்த அளவுக்கு ஒரு மரம் வளர நூறு ஆண்டுகள்கூட ஆகலாம். சுற்றுலா பெருகியபோது தோணிகளின் தேவையும் பெருகியது. மரங்கள் தாங்காது என்பதால் கண்ணாடி இழைத் தோணிகள் வந்தன. இன்று பயணிகளை ஏற்றும் மெகோரோக்களில் பெரும்பாலானவை இவையே. உருவம் பழையதுதான். ஏறத்தாழ 6 மீட்டர் நீளம், ஒருவர் உட்காரும் அகலம், தட்டையான அடிப்பகுதி. ஒரு சாண் ஆழ நீர் இருந்தாலும் போய்விடும்.

தோணியைத் தள்ளும் கழிக்கு இங்காஷி என்று பெயர். மூன்று, நான்கு மீட்டர் நீளம் இருக்கும். தோணிக்காரர் கழியைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்து, தோணி முன்னே நகர்ந்ததும் கழியை மெல்ல உருவி எடுப்பார். அதையே சுக்கானாகவும் பயன்படுத்துவார். நீரின் ஆழமும் அடித்தரை மணலா சேறா என்பதும் கழி வழியாகவே அவர் கைக்குத் தெரிந்துவிடும். கழி எட்டாத ஆழத்தில் தோணியைச் செலுத்த இயலாது. எனவே மொகோரோவின் பாதை ஆழமற்ற நீரிலேயே அமைகிறது. அதுவே பயணிகளின் பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகிறது.

தோணிக்காரர்கள்

சதுப்பு நிலத்தில் மிகப் பழைய காலத்திலிருந்தே சான் மக்கள் வாழ்ந்துவந்தனர். ஏறத்தாழ 18-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய வயேயி மக்கள் தோணி ஓட்டுவதிலும் மீன் பிடிப்பதிலும் பேர் பெற்றவர்கள். மொகோரோவை இப்பகுதியில் பரப்பியவர்கள் என்று அவர்களையே சொல்வது வழக்கம். கைப்பிடிப் பகுதியில் ஆற்றை ஒட்டி வாழும் ஹம்புகுஷு மக்களும் தோணியில் தேர்ந்தவர்கள். பனை ஓலையில் அவர்கள் முடையும் கூடைகள் உலகப் புகழ் பெற்றவை.

ஆற்றோர ஊர்களில் குழந்தைகள் சிறு வயதிலேயே கழி பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். ஆயினும் பயணிகளை ஏற்றிச் செல்ல அது மட்டும் போதாது. விலங்குகள், பறவைகள், செடிகள், முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, அரசின் வழிகாட்டி உரிமம் பெற வேண்டும். இத்தொழிலில் பெண்களும் இருக்கிறார்கள். எனவே பயணி சந்திக்கும் தோணிக்காரர் ஒரே நேரத்தில் ஓட்டுநர், வழிகாட்டி, காவலர் ஆகிய மூன்று வேலைகளையும் செய்கிறார். பெரும்பாலோர் துப்பாக்கி எடுத்துச் செல்வதில்லை. அவருக்குத் துணை கண்ணும் காதும் அனுபவமும்தான்.

பயணம் நடைபெறும் முறை

பெரும்பாலான பயணிகள் மவுன் நகரிலிருந்து புறப்படுகிறார்கள். விசைப்படகிலோ ஜீப்பிலோ தோணித்துறைக்குச் செல்ல வேண்டும். வழியில் ஒரு நீண்ட கம்பி வேலியைக் கடப்பார்கள். காட்டெருமைகளிடமிருந்து கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவாமல் தடுக்க 1982-இல் போடப்பட்ட வேலி அது. வேலிக்கு இந்தப் பக்கம் மாடுகள், அந்தப் பக்கம் வனவிலங்குகள்.

துறையில் தோணிகள் வரிசையாகக் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். ஒரு தோணிக்கு இருவர். அடியில் புல்லோ மெத்தையோ பரப்பி, முதுகு சாய இருக்கை போட்டிருப்பார்கள். பயணி காலை நீட்டி உட்கார்ந்தால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் அவர் கண் இருக்கும். தோணியின் விளிம்புக்கும் நீருக்கும் இடைவெளி ஒரு சாண் கூட இராது. முதல் சில நிமிடங்கள் தோணி இப்படியும் அப்படியும் ஆடும்போது அச்சமாகத்தான் இருக்கும். உடம்பை இறுக்காமல் நடுவில் அமைதியாக உட்கார்ந்தால் ஆட்டம் தானாக நிற்கும்.

காலை 7 மணி அளவில் கிளம்பி, ஒன்றிரண்டு மணி நேரம் நீரில் சென்று, ஒரு தீவில் இறங்கி நடந்து, நிழலில் உணவு உண்டு, மாலைக்குள் திரும்புவது ஒரு நாள் பயணம். கூடாரம், பாத்திரம், உணவு எல்லாவற்றையும் தோணியிலேயே ஏற்றிச் சென்று தீவில் இரண்டு, மூன்று இரவுகள் தங்குவதும் உண்டு.

காணக்கூடிய உயிரினங்கள்

இந்தச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 480 வகைப் பறவைகளும் 130 வகைப் பாலூட்டிகளும் பதிவாகியுள்ளன. சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் ஆகியவையும் இவற்றில் அடங்கும். எனினும் சிங்கத்தைத் தேடி மொகோரோவில் ஏறுகிறவர் ஏமாந்து போகலாம். தரையில் ஓடும் பெரிய விலங்குகளைத் தேடிப் பின்தொடர்வதற்கு ஜீப்தான் ஏற்றது. மொகோரோவின் சிறப்பு வேறு. ஒலியெழுப்பாமல் செல்வதால், எந்திர ஓசைக்கு ஓடி ஒளியும் சிறு உயிர்களைக் கையெட்டும் தூரத்தில் காணலாம்.

நாணல் தவளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டை விரல் நுனி அளவே இருக்கும் இத்தவளை நாணல் தண்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். தோணிக்காரர் கழியை நிறுத்திச் சுட்டிக் காட்டும்வரை புதியவர் கண்ணுக்கு அது தென்படாது. இரவில் ஆண் தவளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒலிப்பது சிறு மணிகளைக் குலுக்குவது போலிருக்கும்.

அல்லி இலைகளின்மேல் ஆப்பிரிக்க இலைக்கோழி நடந்து செல்லும். அதன் மிக நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. இவ்வினத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவையே. ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். அப்போது குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாகப் பாயும். மரத்தின் உச்சியில் வெண்தலையுடன் அமர்ந்திருக்கும் ஆப்பிரிக்க மீன்கழுகின் கூவல் வெகுதூரம் கேட்கும். அருகிவரும் கருஞ்சாம்பல் கொக்குக்கும், தாடையில் தசைத் தொங்கல் கொண்ட பெருங்கொக்குக்கும் இது முக்கியமான வாழிடம்.

விலங்குகளில் லெச்வே மான் இந்நிலத்துக்கே உரியது போன்றது. பின்னங்கால்கள் நீளமாக இருப்பதால் முழங்கால் ஆழ நீரில் தாவித் தாவி விரைந்து ஓடும். சிங்கம் துரத்தினால் தண்ணீரை நோக்கியே ஓடும். கோரைக் காட்டுக்குள் வாழும் சிட்டடுங்கா மானைக் காண்பது அரிது. அதன் குளம்புகள் நீண்டு விரிந்தவை. சேற்றில் புதையாமல் நடக்க உதவுகின்றன. ஆபத்து நெருங்கினால் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நீரில் மூழ்கிவிடும்.

நீர்யானையும் பாதுகாப்பும்

இப்பயணத்தில் அஞ்ச வேண்டிய முதல் விலங்கு நீர்யானை. அது புல் தின்னும் விலங்குதான். ஆனால் தன் நீர்நிலைக்குள் நுழைபவரைப் பொறுக்காது. ஒன்றரை டன் எடையுள்ள உடல் அடியிலிருந்து முட்டினால் எந்தத் தோணியும் தாங்காது. பகலில் அது ஆழமான மடுவில் கிடக்கும்; இரவில் கரையேறி மேயும். மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலை தூக்கும். இந்தப் பழக்கத்தை அறிந்தவரே அதைத் தவிர்த்துச் செல்ல முடியும்.

தோணிக்காரர் மடுக்களின் நடுவே போகமாட்டார். ஓரத்து ஆழமற்ற நீரில், நாணலை ஒட்டிச் செல்வார். திறந்த நீர்ப்பரப்பு வந்தால் நின்று கவனிப்பார். நீரில் குமிழி வருகிறதா, கரையில் புதிய தடம் இருக்கிறதா, கலங்கல் தெரிகிறதா என்று பார்ப்பார். தோணியின் பக்கத்தில் கழியால் தட்டி ஓசை எழுப்பினால், மூழ்கியிருக்கும் நீர்யானை என்னவென்று பார்க்கத் தலை தூக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகே தோணி நகரும். ஐயம் இருந்தால் திரும்பி வேறு வழியில் போவார். அப்படித் திரும்பும்போது "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று பயணி வற்புறுத்துவது தவறு. அவரை நம்பித்தான் எல்லோரும் தோணியில் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நீர்யானை இல்லாவிட்டால் இந்தப் பயணமும் இல்லை. கோரை வேகமாக வளர்ந்து நீர்வழிகளை அடைத்துவிடும். நீர்யானைகள் தினமும் போய்வரும் தடங்களே பல இடங்களில் வாய்க்கால்களைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்தத் தடங்களில்தான் தோணிகளும் செல்கின்றன.

முதலைகளும் உண்டு. ஆகவே கையை நீரில் தொங்கவிடக் கூடாது. வழிகாட்டி சொன்ன இடத்தில் அன்றி நீரில் இறங்கக் கூடாது. தோணி நகரும்போது எழுந்து நிற்பது கவிழ்வதற்கு வழி.

தீவில் நடை

சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான தீவுகள் உள்ளன. அவற்றில் பல கறையான் புற்றில் தொடங்கியவை என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். வெள்ளம் எட்டாத உயரத்தில் புற்று நிற்கிறது. பறவைகள் அதன்மேல் அமர்ந்து விதைகளைப் போடுகின்றன. மரம் முளைக்கிறது; சுற்றிலும் மண் சேர்கிறது; தீவு வளர்கிறது.

தீவைக் குறுக்கே நடந்தால் மரங்கள் வட்டம் வட்டமாக மாறுவதைக் காணலாம். விளிம்பில் அத்தி, மரச்சுரை போன்ற பெரிய மரங்கள், உள்ளே பனை, நடுவில் வெண்மையான உப்புப் பூத்த வெற்றுத் தரை. மரங்கள் நீரை உறிஞ்சும்போது அதிலுள்ள உப்பு நிலத்தடியில் தங்கி, தீவின் மையத்தில் சேர்கிறது. இவ்வளவு நீர் ஆவியாகியும் சுற்றியுள்ள வாய்க்கால்கள் உவர்ப்பாகாமல் நன்னீராகவே இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். தீவுகள் இந்த நிலத்தின் உப்பை வாங்கி வைத்துக்கொள்கின்றன என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

நடக்கும்போது வழிகாட்டியின் பின்னால் ஒரே வரிசையில் செல்ல வேண்டும். பளிச்சிடும் நிற உடை கூடாது. எந்த விலங்கைக் கண்டாலும் ஓடக் கூடாது. ஓடினால் துரத்தத் தூண்டும். காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைத் தூசியை உதிர்த்துப் பார்த்து, மனித வாடை யானைக்கு எட்டாத பக்கமாக வழிகாட்டி அழைத்துச் செல்வார்.

ஏற்ற காலம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் அதிகம், கொசு குறைவு, வானம் தெளிவு. ஆனால் விடியற்காலையில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி உடை தேவை. நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் மழையும் மாறி மாறி வரும். வலசைப் பறவைகளைக் காண அதுவே நல்ல காலம். அப்போது மலேரியா அபாயம் அதிகம் என்பதால் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

தொப்பி, குடிநீர், இருகண்நோக்கி, நீர் புகாத பை ஆகியவை போதும். கையில் இருகண்நோக்கி இல்லாவிட்டாலும் குறையில்லை. தோணிக்காரரின் கண் அதைவிடக் கூர்மையானது.

ஊராரின் வருமானம்

1990-களின் நடுவில் இப்பகுதி மாடுகளுக்குக் கடுமையான நுரையீரல் நோய் பரவியது. 1995, 1996-ஆம் ஆண்டுகளில் நோயை ஒழிப்பதற்காக ஏறத்தாழ 3 லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. மாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. அதன்பின் வருமானத்துக்குச் சுற்றுலாவை நாடியவர்கள் பலர்.

சதுப்பு நிலத்தின் சில பகுதிகளை ஊர் மக்களே அறக்கட்டளை அமைத்து நிர்வகிக்கிறார்கள். மவுனுக்கு அருகில் சில ஊர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளையும், கைப்பிடிப் பகுதியில் செரோங்கா ஊரில் தோணிக்காரர்கள் தொடங்கிய அறக்கட்டளையும் அறியப்பட்டவை. இத்தகைய அமைப்புகளில் தோணிக்காரர்கள் முறை வைத்து வேலைக்குச் செல்வார்கள். பயணி கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி ஊரின் பொது நிதிக்கும் சேரும். எனவே பயணத்துக்குப் பதிவு செய்யும்போது, தோணிக்காரர் எந்த ஊரார், கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு சேர்கிறது என்று கேட்பதில் தவறில்லை. 2020-இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது இவ்வருமானம் அடியோடு நின்றது. ஒரே தொழிலை நம்பியிருப்பதன் இடர் அப்போது தெளிவாகத் தெரிந்தது.

நீர் வராவிட்டால்

மொகோரோ ஓட நீர் வேண்டும். அந்த நீர் போட்சுவானாவின் கையில் இல்லை. 2019-இல் வெள்ளம் மிகக் குறைவாக வந்தது. மவுன் பக்கத்து ஆற்றுப்படுகைகள் வறண்டன. நீர்யானைகள் சேற்றுக் குட்டைகளில் நெருக்கியடித்துக் கிடந்தன. தோணிகள் கரையிலேயே நின்றன. அடுத்த ஆண்டு வெள்ளம் நன்றாக வந்தது. இவ்வாறு கூடுவதும் குறைவதும் இந்த நிலத்துக்கு இயல்புதான். இயற்கையாக வரும் குறைவோடு மனிதர் எடுக்கும் நீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

அங்கோலாவில் ஆற்றின் தலைப்பகுதிக் காடுகள் விவசாயத்துக்கும் கரிக்கும் அழிகின்றன. வறண்ட நாடான நமீபியாவுக்கு இந்த ஆற்று நீரின் மீது நெடுநாள் தேவை உண்டு. 1990-களில் குழாய் வழியாக நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் பேசப்பட்டுப் பெரும் விவாதம் எழுந்தது. 2021-இல் நமீபியாவின் காவாங்கோ பகுதியில் எண்ணெய் தேடிக் கிணறுகள் தோண்டத் தொடங்கியதும் கவலையை எழுப்பியது. மூன்று நாடுகளும் கலந்து பேசி முடிவெடுக்க 1994-இல் ஒக்கவாங்கோ ஆற்றுப்படுகை நிரந்தர நீர் ஆணையத்தை அமைத்தன. மேலே உள்ள நாடுகளின் மக்களுக்கும் குடிநீரும் மின்சாரமும் விளைச்சலும் வேண்டும். அவர்களுடைய தேவையைப் புறக்கணித்து இச்சதுப்பு நிலத்தைக் காக்க முடியாது. ஆற்றின் வெள்ளத்தை ஆண்டுதோறும் தடையின்றி வரவிட்டு, அதன் பயனில் மேல்நாட்டு மக்களுக்கும் பங்கு கிடைக்கச் செய்வது எப்படி என்பதே ஆணையத்தின் முன் உள்ள கடினமான பணி.